அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ‘என்கிட்ட எதுவுமே இல்லையே’ என்று தோன்றினால்

பிளஸ் டூ முடித்த கையோடு அமெரிக்காவில் இளநிலைப் படிப்பு படிக்கலாம், நல்ல ஸ்காலர்ஷிப்பும் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நீங்களும் ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்து, பெயர், முகவரி, பள்ளி என்று உற்சாகமாக நிரப்பிக்கொண்டே போவீர்கள். ‘செயல்பாடுகள்’ என்ற பகுதி வந்ததும் கை நின்றுவிடும். பத்து இடம் காலியாக இருக்கும். அதற்கு மேல் விருதுகளுக்கு ஐந்து இடம். அன்றைக்கு ராத்திரி யூடியூபில் உங்கள் வயதுப் பையன் ஒருவன் பதினாறு வயதில் தொண்டு நிறுவனம் தொடங்கியது, ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது, ஒலிம்பியாட் பதக்கம் வாங்கியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, ‘இவ்வளவு இருந்தும் ஏழு இடத்தில் என்னைச் சேர்க்கவில்லை’ என்று முடிப்பான். அதைப் பார்த்த பிறகு விண்ணப்பத்தைத் திறக்கவே மனசு வராது.

இந்த நிலையில் பல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், கவலைப்படாதே’ என்று சொன்னால் யாருக்கும் கவலை குறைவதில்லை. அதனால் அந்தக் கவலையையே வேலையாகப் பிரித்துச் செய்வதற்கான வழியை எழுதுகிறேன். நீங்கள் பிளஸ் ஒன் முடிக்கும் நேரத்தில் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். பிளஸ் டூ ஆகஸ்டில் தொடங்கினாலும் முடியும், கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும்.

முதல் வேலை: ‘இல்லை’களை எழுதிப் பிரியுங்கள்

ஒரு தாளில் உங்களிடம் என்னவெல்லாம் இல்லை என்று நினைக்கிறீர்களோ அத்தனையும் எழுதுங்கள். வெட்கப்படாமல் எழுதுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. இங்கிலீஷ் சரளமாக வராது, எஸ்.ஏ.டி. (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) எழுதவில்லை, பள்ளியில் ரோபோடிக்ஸ் கிளப் இல்லை, அப்பா அம்மா கல்லூரிக்குப் போனதில்லை, தலைவர் பதவி எதுவும் வகித்ததில்லை, பதக்கம் இல்லை, ‘என்னிடம் தனித்துவமாக ஒன்றும் இல்லை’. இப்படியே போகும்.

எழுதியதும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். இருக்கும் மாதங்களுக்குள் சரிசெய்யக்கூடியது ஒன்று. நம் கையில் இல்லாதது இன்னொன்று. உண்மைதானா என்றே தெரியாதது மூன்றாவது.

எஸ்.ஏ.டி. முதல் வகை. அந்தத் தேர்வுக்கான புளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகளும் கான் அகாடமியில் பயிற்சியும் இலவசமாகவே இருக்கின்றன. உட்கார்ந்து படித்தால் மதிப்பெண் ஏறும்.

பள்ளியில் கிளப் இல்லை என்பது இரண்டாவது வகை. அதற்காக ராத்திரி அழுது பிரயோஜனமில்லை, அதோடு நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது குறையும் இல்லை. விண்ணப்பத்தோடு உங்கள் பள்ளியும் ஒரு படிவம் அனுப்பும். அந்தப் பள்ளி எப்படிப்பட்டது, அங்கே என்னென்ன பாடங்கள் இருக்கின்றன என்பதை அதில் கேட்பார்கள். உங்கள் பள்ளியில் இல்லாத பாடத்தை நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை. இருந்ததை வைத்து என்ன செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

‘தனித்துவம் இல்லை’ மூன்றாவது வகை. பெரும்பாலான தாள்களில் இந்த வகைதான் அதிகம் இருக்கும். அதை மூன்றாவது வேலையில் பார்ப்போம்.

இரண்டாவது வேலை: எண்களைப் பாருங்கள்

ஹார்வர்ட் மீது தொடுத்த ஒரு வழக்கில் 2019-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு ஆண்டின் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். சுமார் 1,600 இடத்துக்கு 35,000 பேர் விண்ணப்பித்தார்கள். அதில் எஸ்.ஏ.டி. கணக்கில் முழு மதிப்பெண், நம் பாஷையில் சென்டம், வாங்கியவர்கள் சுமார் 3,400 பேர். பள்ளி மதிப்பெண் சராசரி முழுமையாக இருந்தவர்கள் 8,000 பேருக்கும் மேல். சென்டம் வாங்கியவர்களை மட்டும் சேர்த்தாலே இடம் இரண்டு மடங்கு வேண்டும். அப்புறம் சில ஆண்டுகளில் விண்ணப்பங்கள் இன்னும் ஏறி, ஐம்பதாயிரத்தையும் தாண்டின. அதே வழக்கில் வெளியான தரவை வைத்து ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள். சேர்க்கப்பட்ட வெள்ளையின மாணவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், கல்லூரித் தலைமை தனியாகக் குறித்து வைத்த பட்டியலில் இருந்தவர்கள். ஆக, அந்தக் கதவு ‘நீ போதுமானவனா’ என்ற ஒரே கேள்விக்குத் திறக்கும் கதவு கிடையாது. அங்கே இடம் கிடைக்காதவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் எந்த அளவுகோலில் பார்த்தாலும் தகுதியானவர்கள்தான்.

இன்னொரு எண். பியூ ஆய்வு மையம் 2019-இல் 1,364 நான்காண்டுக் கல்லூரிகளைக் கணக்கெடுத்தது. விண்ணப்பித்தவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தவை அதில் 17. பாதிக்கும் மேற்பட்ட கல்லூரிகள் மூன்றில் இரண்டு பங்கினரையோ அதற்கு மேலோ சேர்த்துக்கொண்டன. நம் ஊரில் பேசுவது அந்தப் பதினேழைப் பற்றி மட்டும்தான்.

சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடும் ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே அமைப்பில் வெளியிடும் ஆவணம் அது. அதில் ‘சி’ பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், சேர்ந்தவர்களின் தேர்வு மதிப்பெண் எந்த வரம்பில் இருந்தது, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்பதெல்லாம் இருக்கும். ‘எச்’ பகுதியில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு எவ்வளவு உதவி கொடுத்தார்கள் என்று இருக்கும். கன்சல்டன்ட் பணம் வாங்கிக்கொண்டு சொல்லும் பாதி விஷயம் இதில் இலவசமாகவே கிடக்கிறது.

மூன்றாவது வேலை: ஒரு வாரம் உங்களைக் கவனியுங்கள்

ஒரு மாணவி, மளிகைக் கடை வைத்திருப்பவர் மகள். “அக்கா, அந்தப் பத்துல எழுத எனக்கு எதுவுமே இல்லைக்கா” என்றாள். சாயங்காலம் என்ன பண்ணுவே என்று கேட்டேன். “கடையில சும்மா உக்காந்திருப்பேன்.” சும்மாவா? “கணக்கு எழுதுவேன். கடன் நோட்டு ரொம்பக் குழப்பமா இருந்துச்சு, அதை போன்ல ஷீட்டா மாத்துனேன். யாரு எவ்வளவு பாக்கின்னு மாசக் கடைசில அப்பாவுக்குச் சொல்லிருவேன்.” இதை அவள் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தாள், ஆனால் அவள் கணக்கில் இது ‘எதுவுமே இல்லை’.

காமன் ஆப்பின் செயல்பாடுகள் பட்டியலில் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு ஒரு வகை இருக்கிறது, குடும்பப் பொறுப்புகளுக்கென்றே ஒரு வகையும் இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்வது, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அப்பாவோடு கடையில் நிற்பது எல்லாம் அதில் வரும். இது சலுகை கிடையாது. படிவத்தை அமைத்தவர்களே இதையும் கணக்கில் எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு வாரம், காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை என்ன செய்தீர்கள் என்று போனிலேயே குறித்து வையுங்கள். பள்ளி, டியூஷன் போக மிச்ச நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். தண்ணீர் லாரிக்கு யார் போன் பண்ணுகிறார்கள், தெருப் பிள்ளைகளுக்கு யார் வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறார்கள், திருவிழாவுக்கு வசூல் கணக்கு யார் வைக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். அந்த வார முடிவில் அம்மாவிடமோ ஒரு நண்பனிடமோ, ‘நான் இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் உங்கள் பட்டியலில் இருக்காது.

நான்காவது வேலை: 150 எழுத்துக்குள் எழுதுவது

ஒவ்வொரு செயல்பாட்டையும் விவரிக்க 150 எழுத்துதான் இடம், இடைவெளியும் சேர்த்து. அந்த மாணவி முதலில் எழுதியது, தமிழில் சொன்னால்: ‘அப்பாவின் கடையில் உதவி செய்தேன். பொறுப்புணர்வும் நேர மேலாண்மையும் கற்றேன்.’ இதில் இரண்டாவது வாக்கியம் சுத்த வீண். யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாற்றி எழுதியது: ‘மாலை 6–9 கல்லாவில், 60 வீட்டுக் கடன் நோட்டை ஷீட்டுக்கு மாற்றினேன், மாதக் கடைசிப் பாக்கிப் பட்டியல் என் பொறுப்பு.’ பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் படிப்பவர் கண்ணுக்கு ஒரு கடையும் அதில் ஒரு ஆளும் தெரிவார்கள்.

கீழேயே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்று கேட்டிருப்பார்கள். தினமும் மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 18 மணி நேரம். லட்சக்கணக்கில் பணம் கட்டி இரண்டு வாரக் கோடை முகாம் போனவன் அந்தப் பெட்டியில் என்ன எண் போடுவான் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணைக் கூட்டிப் போடாதீர்கள். இருப்பதை அப்படியே போடுங்கள்.

பத்து இடத்தையும் நிரப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐந்தோ ஆறோ உண்மையாக இருந்தால் போதும். கடைசி நேரத்தில் ‘மரம் நடும் அமைப்பு’ ஒன்றை இன்ஸ்டாகிராமில் தொடங்கி, மூன்று பதிவு போட்டு, ‘நிறுவனர்’ என்று எழுதுவதை இப்போது பல பேர் செய்கிறார்கள். படிப்பவர்கள் அதை ஆயிரக்கணக்கில் பார்த்தவர்கள். விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது வேலை: கட்டுரை

650 சொல் வரை எழுதலாம், 250-க்குக் குறையக் கூடாது. தலைப்புகளில் ஒன்று உங்கள் விருப்பம். எதுவும் பொருந்தவில்லையென்றால் அதை எடுங்கள்.

நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம், கனமான இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு என்று அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது. இன்னொரு பக்கம், ‘உன் கஷ்டத்தை எழுது, அழ வை’ என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை நம்பி, வீட்டு வறுமையை வரி வரியாக அடுக்குவது. எனக்கு இரண்டாவதைப் படிக்கும்போது சங்கடமாக இருக்கும். எழுதியவர் அதில் எங்கேயுமே இருக்க மாட்டார், கஷ்டம் மட்டும்தான் இருக்கும். குடும்ப நிலை, உடல்நலம், படிப்பு தடைப்பட்டது போன்றவற்றைச் சொல்ல விண்ணப்பத்திலேயே தனி இடம் இருக்கிறது. அங்கே நாலு வரியில் நேராகச் சொல்லிவிட்டு, கட்டுரையில் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், முதலில் தமிழில் பேசிப் போனில் பதிவு செய்யுங்கள். ஏதாவது ஒரு சின்ன விஷயம், நீங்கள் தப்பென்று நினைத்து மாற்றிய ஒன்று, கோபம் வந்த ஒன்று, விடாமல் நோண்டிக்கொண்டிருந்த ஒன்று. கேட்டுப் பார்த்து, எங்கே உங்கள் குரல் வேகமாகிறதோ அந்த இடத்திலிருந்து இங்கிலீஷில் எழுதுங்கள். எளிய இங்கிலீஷ் போதும். இலக்கணப் பிழையை இங்கிலீஷ் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கி அனுப்பாதீர்கள். அதை உங்கள் எழுத்தாகக் கொடுப்பதைக் காமன் ஆப் மோசடிப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. அது மட்டுமில்லை, அப்படி வரும் கட்டுரையைப் படித்தால் உங்களுக்கே ‘இது நான் இல்லையே’ என்று தோன்றி, ஏற்கெனவே இருக்கும் தாழ்வு மனப்பான்மை இன்னும் கூடும்.

பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூ.சி.) விண்ணப்பம் தனி. எட்டுக் கேள்வியில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். அவர்கள் எஸ்.ஏ.டி. பார்ப்பதில்லை. எம்.ஐ.டி.க்கும் விண்ணப்பம் தனிதான், ஆனால் அங்கே எஸ்.ஏ.டி. அல்லது அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி. கட்டாயம்.

ஆறாவது வேலை: பள்ளி ஆபீசும் ஆசிரியர்களும்

இதை ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் கேட்பார்கள். ஒன்பதாவது மார்க்கை யாரும் பத்திரமாக வைத்திருப்பதில்லை, பள்ளி மாறியிருந்தால் இன்னும் அலைச்சல். பள்ளி லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ‘கவுன்சிலர்’ (பள்ளி ஆலோசகர்) என்று படிவத்தில் கேட்கும் இடத்தில் தலைமையாசிரியரோ பொறுப்பான ஓர் ஆசிரியரோ இருக்கலாம்.

பரிந்துரைக் கடிதம் நம் ஊரில் நடத்தைச் சான்றிதழ் மாதிரியே வரும். ‘நல்லொழுக்கம் உடையவர், பணிவானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.’ ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது, அவர் எழுதிப் பழகியது அதுதான். நீங்களே ஒரு பக்கத்தில், அவர் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை ஞாபகப்படுத்திக் கொடுங்கள்: எந்தக் கணக்கில் அவரோடு வாதாடினீர்கள், எந்தச் சோதனையைத் திரும்பச் செய்தீர்கள். “சார், இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருந்தா அதை எழுதுங்க சார்” என்று கேட்டால் எழுதுவார்கள். கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்காதீர்கள்.

ஏழாவது வேலை: பட்டியலும் பணமும்

காமன் ஆப்பில் இருபது கல்லூரி வரை சேர்க்கலாம். இருபது வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை கேட்பார்கள், தரம் போய்விடும். எட்டிலிருந்து பத்து போதும்.

பணம் விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் பல பேர் தன்னையே நொந்துகொள்கிறார்கள். வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டாலும் அதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுக்காத கல்லூரிகள் கொஞ்சம்தான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், இன்னும் சில. மற்ற பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டு மாணவருக்கென்று ஒரு பட்ஜெட் இருக்கும். உங்களுக்கு முழு உதவி தேவையென்றால் அந்த பட்ஜெட்டுக்குள் நீங்கள் அடங்குகிறீர்களா என்பதும் முடிவில் சேரும். அதாவது ‘இல்லை’ என்று வரும் கடிதம் பல நேரம் உங்களைப் பற்றியதே இல்லை, அவர்கள் கஜானாவைப் பற்றியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூ.சி.) வெளிநாட்டு மாணவர் குடும்ப வருமானத்தைக் காட்டி உதவி எதிர்பார்க்க முடியாது. வீட்டில் பணம் இல்லையென்றால் விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்காதீர்கள். கட்டணத் தள்ளுபடி தரும் கல்லூரிகள் நிறைய உண்டு, மின்னஞ்சலில் கேளுங்கள்.

சென்னையில் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது. அமெரிக்க அரசின் ஆதரவில் நடப்பது. கன்சல்டன்டிடம் போவதற்கு முன்னால் அங்கே பேசிவிடுங்கள்.

‘பெரிய பெயர் கிடைக்கவில்லையென்றால் வாழ்க்கை போச்சு’ என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளில் இடம் கிடைத்தும், போட்டி குறைந்த கல்லூரியில் போய்ச் சேர்ந்தவர்களின் பிற்கால வருமானம், சராசரியாக, மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்ந்த கல்லூரியால் பலன் இருந்தது. 2023-இல் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினரும் சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை, ஆனால் வருமானத்தில் உச்சத்தில் உள்ள ஒரு சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு அந்தக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குக் கூடுகிறது என்றார்கள். இரண்டும் அமெரிக்க மாணவர்களைப் பற்றியவை, நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆக, பெயருக்குப் பலனே இல்லை என்பதும் பொய், பெயர் இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்பதும் பொய்.

எட்டாவது வேலை: எதைப் பார்க்காமல் இருப்பது

‘என் வாய்ப்பு எவ்வளவு?’ என்று மதிப்பெண்ணையும் விருதுகளையும் போட்டு ஊர்பேர் தெரியாதவர்களிடம் கேட்கும் பதிவுகளை நவம்பர் முதல் ஜனவரி வரை திறக்காதீர்கள். அங்கே பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதுக்காரர்கள், உங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் இல்லை. விருது உள்ளவர்கள்தான் பதிவு போடுவார்கள், இல்லாதவர்கள் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அங்கே பார்த்தால் உலகமே பதக்கம் வாங்கிய மாதிரி இருக்கும்.

சொந்தக்காரர்களிடம் கல்லூரிப் பெயர்களைச் சொல்லாமல் இருப்பதும் நல்லது. “எங்கெல்லாம் போட்டிருக்கே?” என்று பெரியப்பா கேட்டால், “பார்த்துக்கிட்டு இருக்கேன் பெரியப்பா, முடிவானதும் சொல்றேன்” என்று முடித்துவிடுங்கள். பொங்கலுக்கு வீடு நிறைய ஆள் இருக்கும்போது தெரியும் இதன் அருமை.

கல்லூரிக்குள் போய்விட்டால் ‘என்கிட்ட எதுவுமே இல்லையே’ என்ற இந்த உணர்வு தானாகப் போய்விடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதியதே நன்றாகச் சாதித்த பெண்களைப் பார்த்துத்தான். பட்டமும் பதவியும் இருந்தும், ‘ஏதோ தவறுதலாக இங்கே வந்துவிட்டேன், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதையுமே செய்யத் தோன்றாமல் நாள் கணக்கில் நீடித்தால், அது விண்ணப்பம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வீட்டில் சொல்லுங்கள், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், இலவசம்.

கடைசியாக, தேதிகள்

காமன் ஆப் ஆகஸ்ட் 1-இல் புது ஆண்டுக்குத் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் 1, கலிபோர்னியா நவம்பர் கடைசி, மற்றவை ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. முன்கூட்டிய விண்ணப்பத்தில் ‘இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன்’ என்று கையெழுத்துப் போடும் வகை ஒன்று உண்டு. பண விஷயம் தெளிவில்லாமல் அதைத் தொடாதீர்கள்.

நமக்கு இதோடு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரியில் ஜே.இ.இ. மெயின் முதல் சுற்று, மார்ச்சில் பொதுத்தேர்வு எல்லாம் சேர்ந்து வரும். அதனால் கட்டுரைகளைக் காலாண்டு விடுமுறைக்குள் முதல் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், டிசம்பரில் திருத்த வேலை மட்டும் மிஞ்சட்டும்.

முடிவுகள் மார்ச் கடைசியில் வரும், அப்போது நீங்கள் பொதுத்தேர்வுக்கு நடுவிலோ முடித்த அசதியிலோ இருப்பீர்கள். மறுநாள் பரீட்சை இருந்தால் அன்றைக்கு அந்தத் தளத்தைத் திறக்காதீர்கள், முடிவு எங்கேயும் ஓடிப்போகாது. இடம் கிடைத்த கல்லூரிகளுக்குப் பொதுவாக மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். நிதியுதவி போதாவிட்டால் மறுபரிசீலனை கேட்டு எழுதலாம், தப்பில்லை. எது எப்படியிருந்தாலும் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான டி.என்.இ.ஏ. பதிவு தொடங்கியதும் செய்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போட்டு வாங்கி வையுங்கள், மே மாதம் அங்கே கூட்டம் தாங்காது.